மலிவு ஹெட்போன் ஆம்ப்: புதிது வாங்குவதா, கெட்டுப்போனதைச் சரி செய்வதா?

ஹெட்போன் ஆம்ப் பற்றி யோசிக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒருவர் புதிதாக நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கியிருப்பார். கைபேசியில் செருகினால் சத்தம் எடுபடவில்லை, எந்த ஆம்ப் வாங்கலாம் என்று தேடுகிறார். இன்னொருவரிடம் ஏற்கெனவே ஆம்ப் இருக்கிறது. ஒரு காதில் சத்தம் வந்து வந்து போகிறது, இல்லையென்றால் வால்யூமைத் திருகும்போது கரகரக்கிறது. சரி செய்யக் கொடுப்பதா, மூலையில் போட்டுவிட்டு வேறு வாங்குவதா என்று குழம்புகிறார்.

விலை குறைந்த ஆம்பில் என்றாவது ஒரு நாள் ஏதாவது ஒரு பாகம் போகத்தான் போகிறது. அன்றைக்கு அதைத் திறந்து சரி செய்ய முடியுமா, முடியாதா என்பது பெரும்பாலும் வாங்கிய அன்றே முடிவாகிவிடுகிறது. அதனால் எதை வாங்கலாம் என்பதையும் எதைச் சரி செய்யலாம் என்பதையும் நான் தனித்தனியாகப் பார்ப்பதில்லை.

முதலில் தேவை இருக்கிறதா?

ஆம்ப் வாங்கினால் இசை தானாக இனிமையாகிவிடும் என்று நம்பிப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். ஹெட்போன் கேட்கிற வோல்டேஜையும் கரண்டையும் பிசிறில்லாமல் கொடுப்பதுதான் ஆம்பின் வேலை. அதை உங்கள் கைபேசியோ மடிக்கணினியோ ஏற்கெனவே செய்துகொண்டிருந்தால், நடுவில் இன்னொரு பெட்டியை வைப்பதால் பெரிதாக ஒன்றும் மாறாது.

கணக்கு எளிதுதான். ஹெட்போனின் பெட்டியிலோ கையேட்டிலோ இரண்டு எண்கள் இருக்கும்: இம்பீடன்ஸ் (மின்சாரத்துக்குக் காட்டும் தடை) எத்தனை ஓம், ஒரு மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபல் (உணர்திறன்). பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோவின் 250 ஓம் வகையை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். இசையில் சட்டென்று எழுகிற உச்சங்கள் நசுங்காமல் வர 110 டெசிபல் வரை இடம் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், இன்னும் 14 டெசிபல் தேவை. அதாவது 25 மடங்கு பவர், 25 மில்லிவாட். 250 ஓமில் 25 மில்லிவாட் என்றால் 2.5 வோல்ட், 10 மில்லிஆம்பியர். கரண்ட் ரொம்பக் குறைவு, வோல்டேஜ்தான் அதிகம். கைபேசியோடு சேர்த்துப் பயன்படுத்தும் ஆப்பிள் யூஎஸ்பி-சி டாங்கிள் போன்றவை சுமார் 1 வோல்ட் தருகின்றன. 2.5 வேண்டிய இடத்தில் 1 என்றால் 8 டெசிபல் குறைகிறது. சத்தமாகப் பதிவு செய்த திரையிசைக்கு அது போதும். மெல்லிய இடமும் ஓங்கிய இடமும் மாறி மாறி வரும் பெரிய வாத்தியக்குழு இசைக்குப் போதாது.

ஆடியோ டெக்னிக்கா எம்50எக்ஸுக்கு அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 38 ஓம், 99 டெசிபல். 110-ஐத் தொட 0.7 வோல்ட் போதும். டாங்கிளே தாராளம், ஆம்ப் தேவையில்லை. மறுகோடியில் ஹைஃபைமேன் எச்இ-6 இருக்கிறது: 50 ஓம், 83.5 டெசிபல். அதற்கு ஏறக்குறைய 450 மில்லிவாட்டும் 95 மில்லிஆம்பியரும் வேண்டும். டாங்கிள் அதற்கு முன்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே ஓம் அதிகமாக இருந்தால்தான் ஆம்ப் வேண்டும் என்று சொல்வது பாதி உண்மைதான். உணர்திறன் குறைந்த பிளேனார் (தட்டையான சவ்வு வைத்த) வகைகள் ஓம் குறைவாக இருந்தும் கரண்டை உறிஞ்சும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 110 டெசிபல் என்பது நொடிப்பொழுது உச்சத்துக்கான இடம். அந்தச் சத்தத்தில் உட்கார்ந்து கேட்பதற்கான அளவு இல்லை. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. ஆம்ப் கைக்கு வந்ததும் வால்யூமை ஏற்றிக்கொண்டே போகத் தோன்றும். காது ஒருமுறை போனால் அதைப் பழுது பார்க்க ஆளில்லை.

மூன்றாவதாக ஓர் எண் உண்டு, அதைப் பெரும்பாலும் பெட்டியில் போடமாட்டார்கள்: ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ். ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் அது இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம். இது கூடிப்போனால் ஹெட்போனின் குணமே மாறும். சென்ஹைசர் எச்டி 600, எச்டி 650 இரண்டும் 300 ஓம் என்று எழுதியிருந்தாலும், பாஸ் பகுதியில் அவற்றின் இம்பீடன்ஸ் அதைவிட நன்றாகவே மேலே போகும். அவுட்புட் இம்பீடன்ஸ் 100 ஓமைத் தாண்டும் பழைய ஸ்டீரியோ ரிசீவரின் ஹெட்போன் துளையில் செருகினால் பாஸ் கொஞ்சம் தடித்துக் கேட்கும். சிலருக்கு அது பிடித்தும் போகிறது. பல டிரைவர்கள் (ஒலி எழுப்பும் பாகங்கள்) வைத்த சின்ன இன்-இயர்களில் பாதிப்பு இன்னும் மோசம். எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று சொல்லவே முடியாது.

வாங்கக் கிடைப்பவை

டாங்கிளைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. சிறியது, மலிவானது, பெரும்பாலான 32 ஓம் ஹெட்போன்களுக்குப் போதுமானது. கெட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். வயர் உள்ளே அறுந்தால்கூடப் பிரித்து ஒட்டுவது பிரயோஜனமில்லை.

பேட்டரி வைத்த கையடக்க ஆம்ப்களிடம் நான் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பேன். உள்ளே இருப்பது லித்தியம் செல். சில வருடத்தில் அதன் கொள்ளளவு குறையும், சிலவற்றில் உப்பி மூடியையே தள்ளிக்கொண்டு வரும். உப்பிய செல்லைக் குத்துவது, நசுக்குவது, சார்ஜ் போட்டுப் பார்ப்பது எதுவும் கூடாது, தீப்பிடிக்கும். செல் போர்டோடு ஒரு சின்னக் கனெக்டரில் செருகியிருந்தால் மாற்றுவது சுலபம், பசை போட்டு ஒட்டியிருந்தால் அந்த ஆம்பின் ஆயுள் அந்த செல்லின் ஆயுள்தான். பயணத்தில் கேட்கிறவர் தவிர மற்றவர்களுக்கு இது தேவையில்லை.

வீட்டில் மேஜை மேல் வைத்துக் கேட்பதாக இருந்தால் அடாப்டரில் ஓடும் சின்ன மேஜை ஆம்ப்தான் என் தேர்வு. ஷீட் மேக்னி 2012-லும் ஜேடிஎஸ் லேப்ஸ் ஆட்டம் 2018-லும் வந்தன. டாப்பிங் போன்ற நிறுவனங்களும் இந்த வரிசையில் ஆம்ப் செய்கின்றன. இந்த ரகத்தில் நன்றாகச் செய்த ஆம்ப்களின் இரைச்சலும் பிசிறும் காதுக்கு எட்டாத அளவுக்குக் கீழே போய்விட்டன. அதனால் இரண்டு நல்ல ஆம்ப்களுக்கு நடுவே ஒலியை வைத்துத் தேர்வு செய்ய முயற்சி செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். கெய்ன் (எத்தனை மடங்கு பெருக்குவது) சுவிட்ச் இருக்கிறதா, ஆன் செய்ததும் இரண்டு மூன்று நொடி கழித்து ‘டிக்’ என்று விழும் ரிலே (ஹெட்போனை ஆம்போடு சேர்க்கும் மின் சுவிட்ச்) இருக்கிறதா, அடாப்டர் பொதுவாகக் கிடைக்கிற வகையா, மூடி திருகாணியில் திறக்கிறதா என்று பாருங்கள். ஹெட்போன் துளை பேனலில் நட்டு போட்டு இறுக்கியிருந்தால் இன்னும் நல்லது. அந்த நட்டு இல்லாதபோது, ஒவ்வொரு முறை பின்னைச் செருகி இழுக்கும்போதும் வரும் அழுத்தம் முழுவதையும் போர்டில் உள்ள ஈயப்பற்றுதான் தாங்குகிறது. பின்னால் வரும் பழுதுகளில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

டிஏசியும் (டிஜிட்டல் இசையை அனலாக் சிக்னலாக மாற்றும் பகுதி) ஆம்பும் ஒரே பெட்டியில் வருவது வசதிதான், இடம் மிச்சம். ஆனால் யூஎஸ்பி பகுதி போனால் நல்ல ஆம்பும் சேர்ந்து முடங்கும். தனியாக அனலாக் இன்புட் உள்ளதாக இருந்தால் அப்போதும் ஆம்பை மட்டும் பயன்படுத்தலாம். ஒரே பெட்டி வாங்குகிறவர்கள் இதை மட்டுமாவது பார்த்து வாங்குங்கள்.

வால்வு வைத்த கலப்பு ஆம்ப்கள் பார்க்க அழகு. விலை குறைந்தவற்றில் பலவற்றில் வால்வுக்கு அடியில் ஓர் எல்இடி வைத்திருப்பார்கள். வெளிச்சத்தில் பெரும்பகுதி அதனுடையது. வால்வு வோல்டேஜைப் பெருக்கும், ஹெட்போனை ஓட்டுவது அதற்குப் பின்னால் இருக்கும் டிரான்சிஸ்டரோ ஆப்-ஆம்ப் என்ற பெருக்கி ஐசியோதான். கிளாஸ் ஏ முறையில், அதாவது இசை இல்லாதபோதும் கரண்டை இழுத்தபடி, ஓடும் வகைகள் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும். எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரைச் சுற்றியுள்ள சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுவியலில் எல்லோரும் கையாளும் கணக்கு. ஹீட் சிங்க் ஓரத்தில் ஒட்டி நிற்கும் கெப்பாசிட்டர்கள்தான் இவற்றில் முதலில் போகும். நல்ல பக்கம் என்னவென்றால், பாகங்கள் பெரிதாக, கால் வைத்தவையாக (போர்டின் துளைகளில் காலை நுழைத்து ஒட்டியவை) இருப்பதால் கற்றுக்கொள்கிறவர் கையிலும் பழுது பார்க்க முடியும்.

அப்புறம், நாமே செய்வது. சூ மோய் 1990-களின் கடைசியில் கொடுத்த ‘சீமோய்’ வடிவமைப்பு மிட்டாய் டப்பாவுக்குள் அடங்கிவிடும். ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஆப்-ஆம்ப், கொஞ்சம் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர். சால்டரிங் (ஈயம் உருக்கிப் பாகங்களை ஒட்டுவது) பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஆனால் பிளஸ் மைனஸ் 4.5 வோல்ட்டுக்குள் ஓடுவதால் 250 ஓம் ஹெட்போனுக்கு விளிம்பில்தான் நிற்கும். 2011-இல் ‘என்டபிள்யூ ஏவி கை’ என்ற புனைபெயரில் எழுதிய பொறியாளர் வெளியிட்ட ஆப்ஜெக்டிவ்2, சுருக்கமாக ஓ2, இதற்கு அடுத்த படி. அளவைக் கருவியில் வைத்து நிரூபித்து, முழு சர்க்யூட் வரைபடத்தையும் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, அடுத்த வருடமே அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அந்த வடிவமைப்பை மாற்றாமல் அப்படியே செய்து விற்க யாருக்கும் அனுமதி உண்டு. எல்லா ஐசியும் கால் வைத்தவை. பழுது பார்ப்பதை மட்டும் வைத்துச் சொன்னால், மலிவு ஆம்ப்களில் இதற்கு இணையாக எனக்கு எதுவும் தெரியவில்லை. வரைபடம் கையில் இருக்கும் ஆம்ப் எந்தக் காலத்திலும் அநாதையாகாது.

ஓ2-வில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அதன் வால்யூம் கன்ட்ரோல் கெய்ன் பகுதிக்குப் பின்னால் இருக்கிறது. கெய்ன் 2.5 மடங்கு, 6.5 மடங்கு என்று இரண்டு. மேஜை டிஏசி தரும் 2 வோல்ட்டை 6.5-இல் பெருக்கினால் 13 வோல்ட். பிளஸ் மைனஸ் 12 வோல்ட் சப்ளையில் அது அடங்காது, உச்சம் வெட்டுப்படும். வால்யூமைக் குறைத்தாலும் அந்தப் பிசிறு போகாது. ஆம்ப் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பிரிப்பதற்கு முன்னால் கெய்ன் பட்டனை ஒருமுறை அமுக்கிப் பாருங்கள்.

கெட்டுப்போனதை எடுத்து வைத்தால்

வாரண்டி இருக்கிறதா? இருந்தால் திறக்காதீர்கள், அனுப்பிவிடுங்கள். பல நிறுவனங்கள் முத்திரை உடைந்திருந்தால் பொறுப்பேற்பதில்லை.

வாரண்டி முடிந்தது என்றால், மூடியைத் திறப்பதற்கு முன்பே பாதிப் பழுதைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு பக்கம் கேட்கவில்லையா? இன்புட் வயர்களை இடம் வலம் மாற்றிச் செருகுங்கள். கேட்காத பக்கமும் கூடவே மாறினால் பிரச்சினை ஆம்புக்கு முன்னால், டிஏசியிலோ வயரிலோ இருக்கிறது. மாறவில்லை என்றால் ஆம்பிலோ ஹெட்போனிலோ. வேறு ஹெட்போனைச் செருகிப் பார்த்தால் அதுவும் தெரிந்துவிடும். நல்ல ஆம்பைப் பிரித்து மேய்ந்த பிறகு ஹெட்போன் வயர்தான் அறுந்திருக்கிறது என்று தெரிய வருவது ரொம்பச் சாதாரணம்.

ஆம்ப் அடியோடு உயிரில்லாமல் கிடந்தால் முதல் சந்தேகம் அடாப்டர் மேல். மேக்னி, ஆட்டம், ஓ2 போன்றவற்றின் அடாப்டர் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) தருவதில்லை. ஏசியை (திசை மாறி மாறி ஓடும் வீட்டு மின்சாரம்) ஏசியாகவே இறக்கிக் கொடுக்கும். அது தொலைந்து, பின் அளவு சரியாக இருக்கிறதே என்று இணைய ரவுட்டரின் 12 வோல்ட் டிசி அடாப்டரைச் செருகுகிறவர்கள் உண்டு. ஏசியின் இரண்டு அரைச்சுற்றுகளிலிருந்துதான் பிளஸ் சப்ளையும் மைனஸ் சப்ளையும் உருவாகின்றன. டிசி கொடுத்தால் ஒன்றுதான் வரும், ஆம்ப் செத்த மாதிரி கிடக்கும். அதையாவது சரியான அடாப்டரைப் போட்டு எழுப்பிவிடலாம். டிசி ஆம்பில் ஏசி அடாப்டரைச் செருகினால், உள்ளே காப்பு டயோடு இல்லாதபோது கெப்பாசிட்டர் வெடிக்கவும் செய்யும். மல்டிமீட்டரை ஏசி அளவில் வைத்து அடாப்டரைச் சோதியுங்கள். எதிலும் செருகாமல் அளக்கும்போது 16 வோல்ட் அடாப்டர் 18, 19 என்று காட்டுவது இயல்பு.

ஒரு எல்லை. வீட்டு மின்சாரம் நேரடியாகப் பெட்டிக்குள் வருகிற ஆம்பாக இருந்தால், பழக்கமில்லாதவர்கள் திறக்கவே வேண்டாம். அடாப்டர் வெளியே இருக்கும் ஆம்பைத்தான் நான் தைரியமாகத் திறக்கச் சொல்வேன். அப்போதும் அடாப்டரைக் கழற்றிச் சில நிமிடம் விட்ட பிறகுதான்.

திறந்ததும் ஹெட்போன் ஜாக்கின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். போர்டைத் திருப்பி, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, ஜாக்கின் ஒவ்வொரு காலையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். நல்ல பற்று எரிமலை வடிவில், காலைக் கவ்விப் பளபளப்பாக இருக்கும். விட்டுப்போன பற்றில் காலைச் சுற்றி முடி போல மெல்லிய கறுப்பு வளையம் தெரியும். நேராக மேலிருந்து பார்த்தால் அது கண்ணில் படாது. வெளிச்சம் சாய்ந்து விழும்போதுதான் தெரியும். பின்னை அசைத்தால் ஒரு பக்கம் வந்து வந்து போவது இதனால்தான். ஃபிளக்ஸ் (ஈயம் நன்றாகப் பற்ற உதவும் பசை) தடவி, 350 டிகிரியில் அயர்னை வைத்து, துளி ஈயம் புதிதாகக் கொடுத்து, மூன்று நொடிக்குள் எடுத்துவிட வேண்டும். ஈயமில்லாத சால்டர் 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், பழைய ஈய-வெள்ளீயக் கலவை 183-லேயே இளகத் தொடங்கும். அதனால் புதிய போர்டுகளில் கொஞ்சம் பொறுமை வேண்டும். இந்த ஒரு வேலைக்காக ஆம்பைத் தூக்கி எறிபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

வால்யூமின் கரகரப்புக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று அழுக்கு. கான்டாக்ட் கிளீனரை வால்யூமின் உலோகக் கூட்டிலுள்ள இடைவெளியில் துளி அடித்து, கரண்ட் இல்லாமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பலமுறை திருக வேண்டும். துருப்பிடித்த பூட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை அடிக்கக்கூடாது. அது தங்கி, தூசியைச் சேர்த்துக்கொள்ளும். கிளீனர் அடித்தும் சில நாளில் கரகரப்பு திரும்பினால் காரணம் இரண்டாவது: வால்யூமுக்கு டிசி வந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலும் இன்புட் கெப்பாசிட்டர் கசிகிறது. வால்யூமை மாற்றினால் பலன் இருக்காது, கெப்பாசிட்டரை மாற்றுங்கள். வால்யூமையே மாற்றுவதாக இருந்தால், ஓம் அளவோடு பக்கத்தில் இருக்கும் எழுத்தையும் பாருங்கள். ஏ என்றால் ஒலிக்கு உரிய லாக் வகை, பி என்றால் நேர்கோட்டு வகை. பி போட்டுவிட்டால் கொஞ்சம் திருகியதுமே சத்தம் எகிறும். மிகக் குறைந்த வால்யூமில் மட்டும் ஒரு பக்கம் தூக்கலாகக் கேட்பது பழுதே இல்லை. விலை குறைந்த வால்யூம்களின் இயல்பு அது. கெய்னைக் குறைத்து வால்யூமைக் கூட்டி வைத்துக் கேட்டால் போய்விடும்.

ஒரு பக்கம் மெலிந்து, பிசிறிக் கேட்டு, வால்யூமை ஏற்றியதும் சட்டென்று சரியாகிறதா? ரிலேயின் தொடுமுனை கறுத்திருக்கிறது. அதே வோல்ட், அதே கால் அமைப்புள்ள புது ரிலே மிக மலிவு.

பாஸ் மெலிந்துவிட்டது என்பது கண்டுபிடிக்கச் சிரமமான பழுது, ஏனென்றால் அது மெல்ல மெல்ல வருகிறது, காதும் கூடவே பழகிவிடுகிறது. ஒற்றை சப்ளையில் ஓடும் ஆம்ப்களில் ஹெட்போனுக்கு முன்னால் ஒரு பெரிய கெப்பாசிட்டர் இருக்கும். 470 மைக்ரோஃபேரட் இருந்தால் 32 ஓம் ஹெட்போனில் 11 ஹெர்ட்ஸ் அளவில்தான் பாஸ் சரியத் தொடங்கும், யாருக்கும் தெரியாது. அது காய்ந்து 100-க்கு வந்துவிட்டால் 50 ஹெர்ட்ஸிலேயே சரிவு தொடங்குகிறது. அதே ஆம்பில் 300 ஓம் ஹெட்போனைப் போட்டால் 5 ஹெர்ட்ஸ்தான், எந்தக் குறையும் கேட்காது. ஒரு ஹெட்போனில் பாஸ் நன்றாகவும் இன்னொன்றில் சப்பென்றும் இருந்தால் இந்தக் கெப்பாசிட்டரைச் சந்தேகப்படுங்கள்.

டிசி வந்தால்

இதுதான் உயிர்நாடி. ஆம்பின் அவுட்புட்டில் டிசி நிற்கிறதா என்று பார்க்காமல் சந்தேகத்துக்குரிய எந்த ஆம்பிலும் நல்ல ஹெட்போனைச் செருகாதீர்கள். ஐசி உள்ளுக்குள் எரிந்து 12 வோல்ட் சப்ளையை அப்படியே அவுட்புட்டுக்கு விட்டால், 32 ஓம் ஹெட்போனுக்கு 4.5 வாட் போகும். டிடி 990 ப்ரோ தாங்கும் பவர் 100 மில்லிவாட். நூலைவிட மெல்லிய வாய்ஸ் காயில் அதைவிட 45 மடங்கு பவரை எப்படித் தாங்கும்? மேலே சொன்ன ரிலே, சர்க்யூட் சரியாக அமைந்திருந்தால், இந்த டிசியைப் பார்த்துத் துண்டித்துவிடும். ஆன் செய்யும்போது தாமதித்துச் சேர்ப்பதை மட்டும் செய்யும் ரிலேக்களும் உண்டு என்பதால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

அளப்பது எளிது. ஹெட்போன் எதுவும் இல்லாமல், வால்யூமைக் குறைத்து, இரு பக்கமும் பின் உள்ள ஒரு வயரை ஜாக்கில் செருகி, மறுமுனைப் பின்னின் நுனிக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே மல்டிமீட்டரை மில்லிவோல்ட் டிசியில் வையுங்கள். அப்புறம் நடு வளையத்துக்கும் அடிப்பாகத்துக்கும். 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 50-ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். 100-க்கு மேல் போனால் ஹெட்போன் பக்கத்திலேயே வரக்கூடாது. பேலன்ஸ்டு அவுட்புட் என்றால் ஒவ்வொரு பக்கத்தின் பிளஸ் மைனஸுக்கும் நடுவே அளக்க வேண்டும். அங்கே கிரவுண்ட் பொதுவாக இருக்காது.

டிசி இருக்கிறது என்றால் ஐசியின் கால்களைப் பாருங்கள். எட்டுக் கால் இரட்டை ஆப்-ஆம்பில் புள்ளியோ வெட்டோ இருக்கும் முனையின் இடது கால் 1. அங்கிருந்து கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் எண்ணினால் 4 மைனஸ் சப்ளை, 8 பிளஸ் சப்ளை, 1-உம் 7-உம் அவுட்புட். ஓ2-வில் 8-இல் பிளஸ் 12, 4-இல் மைனஸ் 12, ஒன்றிலும் ஏழிலும் ஏறக்குறைய பூஜ்ஜியம் வர வேண்டும். சப்ளை இரண்டும் சரி, அவுட்புட் மட்டும் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, இன்புட் கால்களிலும் டிசி இல்லை என்றால் ஐசி போய்விட்டது. சாக்கெட்டில் இருந்தால் மாற்ற ஒரு நிமிடம். மைனஸ் 12 வரவில்லை என்றால் அந்த வோல்டேஜை நிலையாகத் தரும் 7912 ரெகுலேட்டரைப் பாருங்கள். மாற்றும்போது பிளஸ் 12 தரும் 7812-இன் கால் வரிசையும் 7912-இன் கால் வரிசையும் வேறு வேறு என்பதை மறக்காதீர்கள். 7812-இன் முதுகுத் தகடு கிரவுண்ட், 7912-இன் முதுகுத் தகடு அதன் இன்புட். இரண்டையும் ஒரே உலோகத்தில் காப்பில்லாமல் திருகினால் ஷார்ட்.

ஐசி மாற்றும் சாக்கில் உயர்ந்த விலை ஆப்-ஆம்பைப் போட்டுப் பார்க்கலாமா என்று பலருக்கும் ஆசை வரும். வேண்டாம் என்பேன். சர்க்யூட் எந்த ஐசிக்காக வடிவமைக்கப்பட்டதோ அதுவே அதில் நிலையாக ஓடும். வேகமான ஐசியைப் போட்டால் காதுக்குக் கேட்காத அலைவரிசையில் அதிர்ந்து சூடாகலாம். பெயர் பெற்ற ஐசிகளில் போலிகளும் ஏராளம். பதிவு பெற்ற விற்பனையாளரிடம் அதே எண்ணை வாங்கிப் போடுங்கள்.

எங்கே நிறுத்திக்கொள்வது

அடாப்டர், ஜாக், வால்யூம், ரிலே, கால் வைத்த கெப்பாசிட்டர், சாக்கெட் ஐசி, கழற்றக்கூடிய பேட்டரி: இவற்றில் எது போயிருந்தாலும் சரி செய்வதே மேல். பாகத்தின் விலை புது ஆம்பின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

யூஎஸ்பி டிஏசி ஐசி, போர்டின் பரப்பிலேயே ஒட்டிய, அடியில் வெப்பத்தகடு உள்ள டிபிஏ6120 போன்ற ஐசி, கருகிப் பாதை உரிந்த போர்டு: இவற்றில் நான் புதிது வாங்கும் பக்கம். ஹாட் ஏர் கருவியும் கைப்பழக்கமும் உள்ளவர் செய்துவிடுவார்தான், ஆனால் அந்த உழைப்புக்கு நியாயமான கூலி கொடுத்தால் பழுதுச் செலவு புது விலையைத் தொட்டுவிடும். வெளியே கொடுத்துச் சரி செய்வதில் என் வரம்பு புது விலையில் மூன்றில் ஒரு பங்கு. நானே செய்வதாக இருந்தால் பாதி வரை போவேன். அயர்ன், மல்டிமீட்டர், உறிஞ்சு திரி எல்லாம் முதல்முறை வாங்க வேண்டியிருந்தால் அந்தச் செலவை இந்த ஒரு ஆம்பின் தலையில் கட்ட வேண்டாம். கருவிகள் அடுத்த பழுதுக்கும் கூட வரும்.

பழையதை வாங்குவது இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வழி. விற்கிறவரிடம் அசல் அடாப்டர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நேரில் பார்க்க முடிந்தால் மல்டிமீட்டரையும் மலிவான இயர்போன் ஒன்றையும் எடுத்துப் போய், டிசி அளந்து, வால்யூமைக் கோடி முதல் கோடி வரை திருகி, பின்னை அசைத்துப் பாருங்கள். கரகரக்கிறது, ஒரு பக்கம் விட்டு விட்டு வருகிறது என்றே வெளிப்படையாகச் சொல்லிக் குறைந்த விலைக்கு விற்பவர் கிடைத்தால், சால்டரிங் தெரிந்தவருக்கு அது புதியதைவிட நல்ல பேரம். ‘வேலை செய்யவில்லை, காரணம் தெரியாது’ என்பவரிடம் வாங்குவதாக இருந்தால் கால் வைத்த பாகங்கள் கொண்ட மாடலாக மட்டும் இருக்கட்டும்.

எந்த வழியில் வந்த ஆம்பானாலும், சரி செய்து முடித்ததும் அவசரப்பட்டு நல்ல ஹெட்போனைச் செருக வேண்டாம். 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பளுவாக மாட்டி, ஒரு மணி நேரம் பாட்டை ஓடவிடுங்கள். குளிர்ந்திருக்கும்போது 5 மில்லிவோல்ட் காட்டும் ஐசி சூடேறியதும் எகிறுவது உண்டு. பாட்டை நிறுத்தி, சூட்டோடு சூடாக டிசியை இன்னொரு முறை அளந்து, ஆன் செய்து ஆஃப் செய்து அப்போது மீட்டர் எவ்வளவு துள்ளுகிறது என்றும் பாருங்கள். அதற்குப் பிறகு மலிவான இயர்போன், கடைசியில் உங்கள் ஹெட்போன்.